ஜீப்பு அண்டா

“மத்தியானப் பந்தி வேண்டாம் மாமா. சாயங்காலம் ஏழு மணிக்கு வைங்க!”

பானுப்பிரியா எழுந்து நின்று சொன்னாள். டீக்கடை பாய்லருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள்.

இதைக் கேட்கவே கூடாது என்று நேற்று அம்மா சொல்லியிருந்தாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. சோறு போடும்போது ஒரு தடவை, பாத்திரம் கழுவும்போது ஒரு தடவை, பாய் விரிக்கும்போது ஒரு தடவை.

“கூட்டத்துல போயி எங்களுக்காக நேரத்தை மாத்தச் சொல்லாத. கேட்டியா?”

பானு ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினாள். ஆனால் தலை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். அவளுக்குப் பிறவியிலேயே அப்படித்தான்.

போடியில் அவர்கள் தெருவுக்கு இப்போதுதான் சிமெண்டு ரோடு வந்திருந்தது. அதுவரைக்கும் மழை பெய்தால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போக வேண்டும். ரோடு வந்த சந்தோஷத்தைத் தெருவே சேர்ந்து கொண்டாட வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை விழா. காலையில் பிள்ளைகளுக்குப் பந்தயம். மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பந்தி. மூன்று மணிக்குப் பெண்கள் கயிறு இழுக்கும் போட்டி.

விழாக் கமிட்டித் தலைவர் டீக்கடைத் திருப்பதி மாமா. யாராவது அவரைத் ‘தலைவரே’ என்று கூப்பிட்டால் அன்றைக்கு அவர்கள் டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடும்.

“ஏத்தா பானு, பந்தின்னா மத்தியானந்தான். சாயங்காலம் எவன் பந்தி போடுறான்?” என்றார் அவர்.

“ரிசப்சனுக்குப் போடுறாகளே மாமா” என்றான் மனோஜ். பானுவின் வகுப்பில்தான் அவனும் படிக்கிறான். ஆறாம் வகுப்பு. சாப்பாட்டு விஷயத்தில் அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

“நீ சும்மா இருடா!”

பானு விடவில்லை. “ஞாயித்துக்கிழமையும் எங்கம்மாவுக்கு வேலை இருக்கு மாமா. மனோஜ் அம்மாவுக்கும் இருக்கு. மொத்தம் இருபத்து மூணு பேரு ஜீப்புல போறாக. அவுகளும் இந்தத் தெருதானே?”

அந்தத் தெருவில் பாதி வீடுகள் ஜீப்பு ஹாரனுக்குத்தான் எழுந்திருக்கும். காலை ஐந்து மணிக்கு இரண்டு ஜீப்புகள் தெருமுனைக்கு வரும். பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தூக்குவாளியோடு ஏறுவார்கள். போடிமெட்டு வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறி, மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்புவார்கள். ஏலக்காய் முற்றி நிற்கிற மாதங்களில் ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. ஒரு நாள் விட்டால் காய் பழுத்து வெடித்துவிடும்.

“தெரியாமலா இருக்கோம்?” என்றார் திருப்பதி மாமா, நிஜமாகவே அன்பாக. “அவுகளுக்குத்தான் எடுத்து வைக்கிறோம்ல! நல்லா நிறையவே எடுத்து வைப்போம். நீ ஏன் கவலைப்படுற?”

கூட்டம் முழுவதும் தலையை ஆட்டியது. பேச்சு மைக்செட்டுக்குத் தாவிவிட்டது.

எடுத்து வைப்பது அந்தத் தெருவில் ஒரு வழக்கம். கல்யாணமோ, காதுகுத்தோ, கோயில் பொங்கலோ, எது என்றாலும் முதலில் ஒரு பெரிய அண்டாவை நிரப்பி மூடி ஓரமாக வைத்துவிடுவார்கள். அதற்குப் பெயரே ஜீப்பு அண்டா. சாயங்காலம் ஜீப்பு வந்ததும் திறப்பார்கள். அதற்குள் சோறு கட்டி தட்டியிருக்கும். சாம்பார் லேசாகப் புளித்திருக்கும். பாயசத்தைக் கரண்டியால் வெட்ட வேண்டியிருக்கும். அப்பளமோ நனைந்த காகிதம் மாதிரி மடியும்.

விசேஷ வீட்டு அப்பளம் நொறுங்குகிற சத்தத்தை அம்மா கேட்டதே இல்லை. பானு ஒரு நாள் யோசித்துப் பார்த்தாள். தனக்குக் காது குத்தியபோது போட்ட விருந்தில்கூட அம்மா கேட்டிருக்க மாட்டாள் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் அம்மா சோலையம்மாள் ஜீப்பிலிருந்து இறங்குவதற்குள் செய்தி அவளுக்கு வந்துவிட்டது.

“சொன்னேனா இல்லையா? ஏண்டி கேட்ட?”

“நல்லாத்தானே கேட்டேன்.”

“நான் மலைக்குப் போன பெறகு உனக்குக் காய்ச்சல் வந்தா யாரு பாக்குறா? திருப்பதி அண்ணன் வீட்டுலதான பாக்குறாக? அவுககிட்டப் போயி நீ அதை மாத்து, இதை மாத்துன்னா என்ன நினைப்பாக? அவுகளா எடுத்து வைக்கிறாக. அதுவே பெருசு.”

 அம்மா சொன்னதும் உண்மைதான். ஆனால் அப்பளம் மடிவதும் உண்மைதானே?

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் திருப்பதி மாமா அவளைக் கூப்பிட்டார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார்.

“ஆத்தா, உன் கையெழுத்து நல்லா இருக்கும்ல. கயிறு இழுக்குறதுக்கு எட்டுப் பொம்பளைக வேணும். வீடு வீடாப் போயி பேரு எழுதிட்டு வா. கீழத்தெரு டீமு வருது, தெரியும்ல? அவுக போன வருசம் சிலமலை ஊரு டீமையே இழுத்துக் கவுத்தவுக!”

பானுவும் மனோஜும் கிளம்பினார்கள். முதல் வீட்டில் பூட்டு. இரண்டாவது வீட்டிலும் பூட்டு. மூன்றாவது வீட்டில் கருத்தம்மா உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயசு.

“கயிறா? என் இடுப்புல கட்டி இழுங்கடா, நிமிந்தாலும் நிமிருவேன்” என்றார் அவர்.

பிறகு வரிசையாகப் பூட்டு. ஒரு வீட்டில் ஒன்பது மாத வயிற்றோடு ஒரு அக்கா. இன்னொரு வீட்டில் கையில் மாவுக்கட்டோடு ஒரு அத்தை.

பானு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். திருப்பதி மாமா வாசித்தார். “ஒண்ணு, பூட்டு. ரெண்டு, பூட்டு. மூணு, கருத்தம்மா, இடுப்பு வலி. நாலு, பூட்டு… என்னத்தா இது?”

“நம்ம டீமு மாமா” என்றாள் பானு.

திருப்பதி மாமா தலையைச் சொறிந்தார். கீழத்தெருக்காரர்களிடம் வாய் விட்டாயிற்று. இப்போது பூட்டை வைத்துக்கொண்டு கயிறு இழுக்க முடியுமா?

“சரி, கயிறு இழுக்குறதை ராத்திரிக்கு மாத்திருவோம். ஜீப்பு வந்துரும்ல” என்றார்.

“அப்ப பந்தி?”

“பந்தி மத்தியானந்தான். அதான் எடுத்து வைக்கிறோம்ல!”

பானு அவரையே பார்த்தாள். அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா இருட்டிலேயே ஜீப்பு ஏறிப் போய்விட்டாள். விடிந்ததும் தெருவில் ஒரே அமர்க்களம். புது ரோட்டின் மேல் பந்தல். பந்தலுக்கு நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மகாராஜன் அண்ணன். அந்த மைக் அவருடையது. ஆகவே யாருக்கும் கொடுக்க மாட்டார்.

“அடுத்து, எலுமிச்சம்பழம் கரண்டி ஓட்டம்! இது நடந்து போகிற போட்டி அல்ல, ஓட்டம்! தம்பி மனோஜ், பழத்தை நக்காதே!”

பானு அதில் இரண்டாவதாக வந்தாள். பழம் உருண்டு சாக்கடைப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் முதலாவதாக வந்திருப்பாள். மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியில் வினோத்குமார் அண்ணன் ரொம்பவே மெதுவாக ஓட்டி, சைக்கிளோடு சாய்ந்து கருத்தம்மாவின் வெங்காயக் கூடையில் விழுந்தார். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பானுவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அம்மா இதைப் பார்த்திருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பாள்.

பந்தலுக்குப் பின்னால் சமையல் நடந்தது. ராசிங்காபுரத்திலிருந்து வந்திருந்த சமையல்காரர் வேலுச்சாமி பெரிய சட்டியில் அப்பளத்தைப் போட, அது குப்பென்று விரிந்தது.

“ஜீப்பு அண்டாவை முதல்ல கொண்டாங்கப்பா! வெரசா!” என்று அவர் கத்தினார்.

திருப்பதி மாமாவின் மனைவி சூர்யகலா அத்தை அண்டாவைக் கொண்டுவந்தார். சோறு விழுந்தது. பக்கத்தில் ஒரு வாளியில் சாம்பார் விழுந்தது. மேலே அப்பளத்தை அடுக்கினார்கள். மூடி டமாரென்று விழுந்தது. சுடச்சுட இருந்த அப்பளம் ஆவியில் வேர்க்க ஆரம்பித்திருக்கும் என்று பானு நினைத்தாள்.

“முதப் பந்தி! முதப் பந்தி!” என்று திருப்பதி மாமா கூவினார். “பானு எங்க? இங்க வாத்தா. லிஸ்டு எழுதுனவ நீ. முத இலை உனக்குத்தான்!”

பானு உட்கார்ந்தாள். பக்கத்தில் மனோஜ். இலையில் தண்ணீர் தெளித்தார்கள். உப்பு வந்தது. ஊறுகாய் வந்தது. வடை வந்தது. பிறகு பொன் நிறத்தில் ஒரு அப்பளம் வந்து இலையில் படக்கென்று உட்கார்ந்தது.

பானு கையை நீட்டினாள். கை அப்பளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து மகாராஜன் அண்ணன் மைக்கோடு வந்தார். “இதோ, முதல் இலையில் அமர்ந்திருக்கும் தங்கச்சி பானுப்பிரியா! சாப்பாடு எப்படி இருக்கு என்று அவரையே கேட்போம்!” என்று மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டினார்.

“எனக்கும் ஜீப்பு அண்டாவுல எடுத்து வச்சிருங்க” என்றாள் பானு.

தெருவில் கட்டியிருந்த நாலு ஒலிபெருக்கிக் குழாய்களிலும் அது கேட்டது.

திருப்பதி மாமா ஓடி வந்தார். “என்னத்தா, வயிறு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. பசிக்குது. எங்கம்மா ஆறு மணிக்கு வரும். அது என்ன சாப்பிடுதோ அதையே நானும் சாப்பிட்டுக்கிறேன்.”

“இம்புட்டுச் சூடா இருக்கையில எதுக்குத்தா ஆறிப்போனதைத் திங்கணும்?”

“எங்கம்மா மட்டும் எதுக்கு மாமா திங்கணும்?”

திருப்பதி மாமா பந்தலுக்குப் பின்னால் இருந்த அண்டாவைத் திரும்பிப் பார்த்தார். 

“கயிறு இழுக்க மட்டும் எங்கம்மா வேணும். கூட உக்காந்து சாப்பிட வேணாமா?”

மகாராஜன் அண்ணன் மைக்கை எடுக்க மறந்துபோனார். அதுவும் நாலு குழாயிலும் கேட்டது.

பானு எழுந்தாள். மனோஜ் அவளைப் பார்த்தான். வடையைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். அவன் அம்மாவும் அதே ஜீப்பில்தான் போகிறார்.

“எனக்கும் எடுத்து வைங்க” என்று எழுந்தான். உடனே குனிந்தான். “பானு, இந்த வடையை மட்டும் கையில எடுத்துக்கவா?”

“வை அதை.”

வைத்தான். பெருமூச்சோடுதான் வைத்தான்.

அடுத்த இலையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தது. அதற்கடுத்த இலையிலிருந்து இரண்டு. வெங்காய வாசனையோடு உட்கார்ந்திருந்த வினோத்குமார் அண்ணன், “என் வீட்டுக்காரியும் ஜீப்புலதான் வருது. எனக்கும் வச்சிருங்க” என்றார்.

பிறகு சூர்யகலா அத்தை சாம்பார் வாளியைக் கீழே வைத்தார்.

“எனக்கும்” என்றார்.

“உனக்கு எதுக்குடி? நீ என்ன ஜீப்புலயா போற?” என்றார் திருப்பதி மாமா.

“இத்தனை வருசமா அந்த அண்டாவுக்கு மூடி போடுறது நான்தான். சாயங்காலம் தொறந்து உள்ள எப்படி இருக்குன்னு ஒரு நாளும் பாத்ததில்லை. இன்னைக்குத் தின்னு பாக்குறேன்.”

அதற்குப் பிறகு யார் எழுந்தார்கள், யார் எழவில்லை என்று எண்ண முடியவில்லை. கருத்தம்மாகூட, “என்னையும் சேத்துக்கங்கடா, ஆனா எழுந்திரிக்கச் சொல்லாதீங்க” என்றார்.

சமையல்காரர் வேலுச்சாமி கரண்டியோடு வெளியே வந்தார். “என்ன தலைவரே இது? அண்டாவுல இடமில்லை. இருக்குறவுக எல்லாருக்கும் எடுத்து வைக்கணும்னா அண்டா எதுக்கு? பேசாம பந்தியையே சாயங்காலத்துக்கு எடுத்து வைங்கய்யா!”

 யாரோ சிரித்தார்கள். திருப்பதி மாமாவும் தன்னை மீறிச் சிரித்துவிட்டார்.

“ஏழு மணிக்கு வச்சா நீ ஊருக்கு எப்படிப் போவ? பஸ்சு இருக்காதே?” என்று வேலுச்சாமியைக் கேட்டார்.

“ஜீப்புல கொண்டுபோய் விடச் சொல்லலாம்” என்றாள் பானு. “மலைக்கே போற வண்டி. ராசிங்காபுரம் என்ன தூரம்?”

“வடிச்ச சோறு?” என்றார் வேலுச்சாமி. “முத உலை வெந்து கெடக்கே. சின்னப் பிள்ளைக பசி தாங்குமா?”

“பந்தயத்துல ஓடுன எலுமிச்சம்பழம் ஒரு கூடை இருக்கு. கழுவி, பிழிஞ்சு, எலுமிச்சஞ்சோறு கிண்டிருங்க. எல்லாரும் இப்ப ஆளுக்கு ஒரு கை சாப்பிட்டுக்கலாம். விருந்து ராத்திரிக்கு” என்றாள் பானு.

“நான் நக்குன பழத்தை மட்டும் எடுத்துருங்க” என்றான் மனோஜ், மிகுந்த பொறுப்போடு.

சாயங்காலம் ஆறே காலுக்கு ஜீப்புகள் வந்தன. எப்போதும் தெருமுனையில் நிற்கிறவை, இன்று புது ரோட்டில் உள்ளேயே வந்தன. தெருவே வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அம்மா வண்டி நிற்பதற்குள் குதித்தாள்.

“என்ன ஆச்சு? யாருக்கு என்ன ஆச்சு?”

“எங்களுக்கு இன்னும் சாப்பாடு ஆகலைத்தா. அதான் ஆச்சு” என்றார் திருப்பதி மாமா. “வெரசாக் கையக் கழுவிட்டு வாங்க.”

அம்மா மெதுவாகத் திரும்பிப் பானுவைப் பார்த்தாள்.

“நான் கேக்கலைம்மா” என்றாள் பானு அவசரமாக. “வியாழக்கிழமைதான் கேட்டேன். இன்னைக்குக் கேக்கவே இல்லை. சாப்பிடலை, அம்புட்டுத்தான்.”

“ரெண்டும் ஒண்ணுதாண்டி” என்றாள் அம்மா. ஆனால் குரலில் கோபம் இல்லை.

பெண்கள் குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். ஏலக்காய்க் கறை போகவில்லை. வாசமும் போகவில்லை. “பாயசத்துக்கு இன்னைக்கு ஏலக்காயே வேணாம். இவுக உக்காந்தாலே போதும்” என்றார் வேலுச்சாமி.

முதல் பந்தியில் இருபத்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் பானு. இலையைப் பார்த்ததும் அம்மா பழக்கத்தில், “முதல்ல பிள்ளைகளுக்குப் போடுங்கண்ணே, எங்களுக்கு எடுத்து…” என்று ஆரம்பித்தாள்.

“எடுத்து வைக்கிற பேச்சே கிடையாது!” என்று தெரு மொத்தமும் கத்தியது.

அம்மா சிரித்தாள். அப்பளத்தை எடுத்தாள். கடித்தாள். நொறுக்கென்றது.

“என்னடி இது, இம்புட்டுச் சத்தம் போடுது!” என்றாள் அம்மா. இன்னொன்று கேட்டு வாங்கினாள். பிறகு இன்னொன்று.

கயிறு இழுக்கும் போட்டியில் முதல் ஆட்டத்தை ஜீப்புப் பெண்கள் ஜெயித்தார்கள். மலைச்சரிவில் கால் ஊன்றி நிற்கிறவர்கள் ஆயிற்றே! இரண்டாவது ஆட்டத்தில், நிறைய சாப்பிட்ட சோலையம்மாளுக்கு விக்கல் வந்து, அதைப் பார்த்து எல்லாருக்கும் சிரிப்பு வந்து, கயிறு கையை விட்டுப் போனது. மூன்றாவது ஆட்டம் பாதியில் இருக்கும்போது, “பாயசம் இன்னும் இருக்கு!” என்று வேலுச்சாமி கத்தினார். இரண்டு தெருப் பெண்களும் கயிற்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யார் ஜெயித்தது என்று இரண்டு தெருவுக்கும் அன்றைக்கே வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது.

எல்லாரும் ரோட்டில் ஜமுக்காளம் விரித்து, காலை நீட்டி உட்கார்ந்து பாயசம் குடித்தார்கள். மகாராஜன் அண்ணனிடமிருந்து எப்படியோ மைக்கைப் பிடுங்கிய திருப்பதி மாமா, உற்சாகமாக அறிவித்தார்.

“அடுத்த மாசம் நம்ம தெருவுல கோலப் போட்டி! புத்தாண்டு அன்னைக்கு, காலையில சரியா ஆறு மணிக்கு! பொம்பளைக எல்லாரும் கட்டாயம் கலந்துக்கணும்!”

எல்லாரும் கை தட்டினார்கள்.

பானு கை தட்டவில்லை. ஜீப்பு ஐந்து மணிக்கு வந்துவிடும்.

பாயச டம்ளரைக் கீழே வைத்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா நீட்டியிருந்த காலை மடக்கி, அவள் தாண்டிப் போக வழி விட்டாள்.

பானு எழுந்து, ஜமுக்காளத்தை விட்டு இறங்கி, மைக்கைப் பார்த்து நடந்தாள். கோலம் எத்தனை மணிக்கு என்று அவள் முடிவு செய்தாகிவிட்டது.